பாட்டிக்கு ஒரு சூராட் பெரானாக்

ஜனவரி முதல் தேதி வந்தால் எங்கள் வானொலி நிலையத்தில் பிறந்தநாள் வாழ்த்துக்குத் தனிக் கூட்டம். "எங்க பாட்டிக்கு இன்னிக்குப் பொறந்தநாள், ஒரு வாழ்த்து சொல்லுங்க" என்று பேரப்பிள்ளைகள் அழைப்பார்கள். எண்பது வயது, எண்பத்தைந்து வயது. நாடெங்கும் இத்தனை பாட்டிகள் புத்தாண்டு அன்று பார்த்துப் பிறந்தார்களா என்று புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் வியப்பார்கள். அனுபவப்பட்டவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பாட்டிகளில் பலருக்குப் பிறந்த நாள் தெரியாது. அடையாளக் கார்டு எழுதிய யாரோ ஒருவர், தேதி கேட்டுப் பதில் வராததால் 01-01 என்று போட்டு முடித்திருப்பார். அதற்குப் பிறகு அதுவே பிறந்தநாள்.

என் பாட்டியின் கார்டில் உள்ள தேதி 1943 ஜூலை 1. அதுவும் அந்த வகைதான் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. இந்தக் கட்டுரை, அதை யோசித்த மூன்று பிள்ளைகளைப் பற்றியது.

பாட்டி சிகாமட்டில் என் கடைசி மாமா வீட்டில் இருக்கிறார். மாமாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் படிவம் 3, அடுத்தவன் ஆறாம் ஆண்டு, கடைக்குட்டி மூன்றாம் ஆண்டு. மூவரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போன தீபாவளிக்கு நான் போயிருந்தபோது, வந்த அங்பாவ் காசை மூன்று பேரும் தரையில் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள். 87 வெள்ளி. என்ன வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். "பாட்டிக்குப் பொறந்தநாள் பரிசு" என்றான் சின்னவன். ஜூலை மாதத்துக்கு இப்போதே சேர்க்கிறார்களா என்று நினைத்தேன். இல்லை. கடந்த ஜூலையில் அவர்கள் கேக் வாங்கிக்கொண்டு வந்தபோது, பாட்டி அதை வெட்டிவிட்டு, "இது கிராணியாரு எழுதுன நாளுடா, நான் பொறந்த நாளு இல்ல" என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு அது சாதாரணமாகப் படவில்லை. அப்படியென்றால் பாட்டிக்கு இதுவரை பிறந்தநாளே கொண்டாடவில்லையா?

அதனால் பரிசுப் பேச்சு முதலில் பொருளில்தான் தொடங்கியது. பாட்டிகளுக்குப் பரிசு வாங்குவது போலச் சிரமமான காரியம் வேறு இல்லை. சேலை வேண்டாம், அலமாரியில் மடிப்புக் கலையாத சேலைகள் வரிசையாக இருக்கின்றன. நகை வாங்கலாம் என்றால் தங்கம் விற்கிற விலையில் 87 வெள்ளிக்கு ஒரு மூக்குத்தித் திருகாணி கிடைத்தால் பெரிது. கைப்பேசி கொடுத்தால் அது பேரப்பிள்ளைகள் விளையாடத்தான் பயன்படும். போர்வை? எங்கள் பாட்டியிடம் எட்டுப் போர்வைகள் உண்டு. சிகாமட்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2006 டிசம்பர், 2011 ஜனவரி, 2023 மார்ச் என்று ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் உதவிக்கு வந்தவர்கள் கையோடு ஆளுக்கொரு போர்வை கொண்டுவந்தார்கள். 2011-இல் தெனாங் இடைத்தேர்தல் வாக்களிப்பு அன்றே வெள்ளம் சூழ்ந்தது நினைவிருக்கும். அந்த வெள்ளத்தில்தான் பாட்டியின் பழைய தகரப்பெட்டி போயிற்று. கல்யாணப் படம், தோட்டத்துச் சம்பள அட்டை, தாத்தாவின் கடிதங்கள் எல்லாம் சேறாகிப் போயின.

பாட்டியையே கேட்டுவிடலாம் என்று சின்னவன் கேட்டான். "எனக்கு என்னாத்துக்குடா? காசை வெச்சு மிட்டாய் வாங்கித் தின்னு" என்ற பதில்தான் கிடைத்தது. மூத்தவள்தான் சொன்னாள்: "அப்படின்னா பொறந்தநாளையே கண்டுபிடிச்சுக் கொடுப்போம்."

எனக்கு அந்த நிமிடம் அது ஒரு குழந்தைப் பேச்சாகத்தான் பட்டது. ஆனால் என் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். பாட்டி பேசுவதை எல்லாம் பதிவு செய்யுங்கள், குறுக்கே பேசாதீர்கள், பதில் வரும்வரை காத்திருங்கள் என்று மட்டும் சொன்னேன். வானொலியில் நான் கற்ற பாடம் அதுதான். மூத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டால், முதலில் வருவது பதில் அல்ல. பதிலுக்குப் போகும் வழி.

கேட்ட கேள்விகளும் கிடைத்த துப்புகளும்

"பாட்டி, நீங்க எப்பப் பொறந்தீங்க?" என்று கேட்டால் "யாருக்குத் தெரியும்" என்பார். அதையே மாற்றி, "நீங்க பொறந்தப்ப என்ன நடந்துச்சுன்னு உங்கம்மா சொல்லிருக்காங்களா?" என்று கேட்டபோது பேச்சு ஊற்றெடுத்தது. டிசம்பர் விடுமுறையில் அவர்கள் எனக்கு அனுப்பிய பதிவுகள் மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு மேல். பாதி நேரம் கோழி கத்துகிறது, பக்கத்து வீட்டு மோட்டார் கிளம்புகிறது. மீதியில் பொன்னான விஷயங்கள் இருந்தன.

பாட்டி சொன்னது இவ்வளவுதான். அவர் பிறந்தது சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில். மருத்துவச்சி பக்கத்து டிவிசனிலிருந்து நிலா வெளிச்சத்தில் நடந்து வந்தாள். விளக்கு ஏற்றக் கூடாது என்று உத்தரவு இருந்ததாம். அன்றைக்குத் திருவாதிரைக் களி. களி கிண்டிக்கொண்டிருக்கும்போதே வலி வந்துவிட்டதால் களி அடிப்பிடித்துப் போனது என்று அவருடைய ஆத்தா சாகும்வரை சொல்லிச் சிரிப்பாராம். இன்னொன்று: "நான் முப்பது நாளு கூட ஆகாத பச்சப்புள்ள. அப்பவே குண்டுச் சத்தம் கேட்டு என்னைத் தூக்கிக்கிட்டு ரப்பர் காட்டுக்குள்ள ஓடுனாங்களாம்." வருடம் கேட்டால், "சப்பான்காரன் வந்த வருசம்."

நம் ஆட்கள் காலத்தை இப்படித்தான் வைத்திருந்தார்கள். நேரு மலாயாவுக்கு வந்த வருசம், காந்தி செத்த வருசம், பெரியார் இரண்டாம் முறை வந்த வருசம், மெர்டேக்கா வருசம். அவற்றை ஆங்கிலத் தேதியாக மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 1946, 1948, 1954, 1957. ஆனால் "சப்பான்காரன் வந்த வருசம்" என்பது கொஞ்சம் வழுக்கும். அவன் வந்து மூன்றரை ஆண்டுகள் இருந்தானே.

பிள்ளைகள் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டார்கள். மார்கழி மாதம். திருவாதிரை நட்சத்திரம். ஜப்பான் காலம். குண்டுச் சத்தம். இதில் முதல் இரண்டும் இருந்தாலே வேலை பாதி முடிந்தது. மார்கழித் திருவாதிரை ஆண்டுக்கு ஒரு முறைதான், அதுவும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். மருத்துவச்சி நிலா வெளிச்சத்தில் நடந்து வந்தாள் என்பதும் அதனோடு ஒத்துப்போகிறது. இப்போது பஞ்சாங்கச் செயலிகளில் எந்த ஆண்டுக்கும் பின்னோக்கிப் போகலாம். மூத்தவள் செயலியில் தேடி மூன்று நாட்களைக் குறித்தாள். 1942 ஜனவரி 2. அதே 1942-இல் டிசம்பர் 22, 23 வாக்கில். அடுத்தது 1944 ஜனவரி இரண்டாம் வாரம்.

மூன்றில் எது? இங்கேதான் ஆறாம் ஆண்டுப் பையன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினான். "குண்டுச் சத்தம் எப்பக் கேட்டுச்சுன்னு பார்த்தாப் போதும்லக்கா" என்றான்.

சரித்திரப் பாடத்தில் நாம் எல்லாரும் படித்ததுதான், ஆனால் அதைப் பாட்டியின் தொட்டிலோடு சேர்த்துப் படித்ததில்லை. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் விழுந்தது. ஜனவரி 14 அன்று கெமாஸ் பக்கத்தில், கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தில் ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து, சைக்கிளில் வந்த ஜப்பானியர்களைத் தாக்கியது. அந்த இடத்துக்குச் சிகாமட்டிலிருந்து காரில் போனால் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதற்குப் பிறகு பிரிட்டிஷ் தரப்புப் படைகள் சிகாமட், லாபிஸ், யோங் பெங் என்று தெற்கே பின்வாங்கின. போகிற வழியில் பாலங்களைத் தகர்த்துக்கொண்டே போனார்கள். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் சரணடைந்தது.

ஆக, சிகாமட் வட்டாரத்தில் குண்டும் பீரங்கியும் முழங்கியது 1942 ஜனவரியில். 1942 டிசம்பரிலோ 1944-இலோ இங்கே சண்டை இல்லை. பசி இருந்தது, பயம் இருந்தது, குண்டு இல்லை. முப்பது கழியாத பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது உண்மை என்றால், குழந்தை பிறந்தது 1942 ஜனவரி 2. வெள்ளிக்கிழமை. விளக்கு ஏற்றக் கூடாது என்ற உத்தரவும் அப்போது பொருந்திவிடுகிறது. விமானத் தாக்குதலுக்குப் பயந்து இருட்டடிப்பு இருந்த நாட்கள் அவை.

மூன்று பிள்ளைகளும் ஊர்க் கோயில் குருக்களிடம் போய்க் கேட்டார்கள். அவர் தம் பங்குக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில நாழிகை வித்தியாசம் வரலாம், ஆனாலும் அன்று இரவு திருவாதிரைதான், தமிழ் வருடம் விஷு, என்று சொல்லிவிட்டார். "உங்க பாட்டி பேரைப் பார்த்தாலே தெரியலையா?" என்றும் கேட்டாராம். பாட்டியின் பெயர் தில்லை நடராஜரின் பக்கத்தில் நிற்கிற அம்மனின் பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை எத்தனையோ பாரங்களில் எழுதியிருக்கிறோம். ஏன் அந்தப் பெயர் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கார்டில் அதன் பாதி எழுத்தைக் காணோம் என்பது வேறு கதை.

ஏன் பதியவில்லை?

பிறந்த உடனே ஏன் சூராட் பெரானாக் எடுக்கவில்லை என்று சின்னவன் கோபமாகக் கேட்டான். அவனுடையது கோப்பில் பத்திரமாக இருக்கிறது, அதனால் கேட்கிறான்.

1942 ஜனவரி இரண்டாம் வாரத்தில் சிகாமட்டில் யார் உட்கார்ந்து பிறப்பைப் பதிந்திருப்பார்கள்? துரைமார் குடும்பங்கள் சிங்கப்பூரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. கிராணியாரும் ஓடினார். அடுத்து வந்தவன் வருடத்தையே மாற்றினான். ஜப்பானியப் பேரரசின் கணக்கில் 1942 என்பது 2602. அந்தக் காலத்து மலாயா அஞ்சல் தலைகளில் '2602' என்று அச்சிட்டிருப்பதைச் சேகரிப்பவர்கள் காட்டுவார்கள். கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். நேரமும் வருடமும் மாறிய ஊரில் ஒரு லயத்துக் குழந்தையின் பிறந்த நாள் எங்கே நிற்கும்?

அதைச் சரியாகச் சொல்லியிருக்கக் கூடியவர் பாட்டியின் அப்பா. கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவராம். 1943-இல் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அந்த ஆண்டு அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களில் திரும்பி வராதவர்களின் வரிசையில் அவரும் ஒருவர். அப்பாவின் முகம் பாட்டிக்கு நினைவில்லை. பெயர் வைத்தது அவர்தான் என்பது மட்டும் தெரியும்.

அடையாளக் கார்டு வந்தது 1948-இல், அவசரகாலம் தொடங்கிய பிறகு. பன்னிரண்டு வயது ஆனவர்கள் எடுக்க வேண்டும். பாட்டி மெலிந்த உடம்புக்காரி. ஆளைப் பார்த்து வயதை ஊகித்து எழுதினார்கள் என்கிறார். "எனக்குப் பன்னெண்டுன்னு சொன்னாங்க, சரின்னு கைநாட்டு வெச்சேன்." இப்போது அந்தத் தேதிதான் மைகார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கம். 2001-இல் மைகார்டு வந்தபோது அது அப்படியே ஏறிக்கொண்டது. மூன்றாம் ஆண்டுக்காரன் அந்த எண்ணை வைத்துக்கொண்டு பாட்டிக்கே பாடம் நடத்தினான்: முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு மாதம், அப்புறம் நாள், அடுத்து வரும் 01 என்றால் ஜொகூர், கடைசி எண் இரட்டைப்படை என்றால் பெண். "இதுல ஜொகூரும் பொம்பளையும் மட்டும்தான் நிசம்" என்றார் பாட்டி.

தேசியப் பதிவிலாகாவுக்குப் போய்த் தேதியைத் திருத்தலாமா என்று மாமா கேட்டார். பாட்டி கையை வீசி மறுத்துவிட்டார். மருத்துவமனைக் கார்டு, வங்கிப் புத்தகம், வீட்டுப் பத்திரம் எல்லாம் அந்தத் தேதியில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. எண்பது தாண்டி அதையெல்லாம் ஏன் கலைக்க வேண்டும்? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அரசாங்கத்துக்கு ஒரு தேதி, வீட்டுக்கு ஒரு தேதி என்று இருந்துவிட்டுப் போகட்டும்.

ராஜாவுக்கு உண்டு, பாட்டிக்கு இல்லை

ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. நம் முன்னோர்களுக்குப் பிறந்தநாள் பழக்கமே இல்லை, அது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சிலர் பேசுவார்கள். பாதிதான் உண்மை. கேக் வெள்ளைக்காரனுடையது. நாள் நம்முடையது. மாதமும் நட்சத்திரமும் சேர்ந்தால் பிறந்தநாள். ராஜராஜ சோழனுக்கு ஐப்பசிச் சதயம். அவன் மகன் ராஜேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை. இந்த ராஜேந்திரன்தான் 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடல் தாண்டி வந்து நம் கெடாவை, அன்றைய கடாரத்தை வென்றவன். அவனுடைய நட்சத்திரத்தை ஆயிரம் ஆண்டு கழித்தும் நம்மால் சொல்ல முடிகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். காரணம், அவனுக்குக் கல்வெட்டு இருந்தது. அதே திருவாதிரையில் பிறந்து, அதே கடல் தாண்டி வந்தவர்களின் பேத்திக்கு ஒரு தாள்கூட இல்லை.

வானொலியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். இன்றைய மின்னல் எஃப்.எம். ஒரு காலத்தில் வானொலி 6. அந்த நாட்களில் பிறந்தநாள் வாழ்த்துக்கு அஞ்சலட்டை எழுதிப் போடுவார்கள். என் அம்மாவுக்கும் மாமாக்களுக்கும் வாழ்த்து எழுதிப் போட்டது தாத்தா. தோட்டத்தில் யார் வீட்டு வானொலிப் பெட்டியில் பெயர் வந்தாலும் லயமே கேட்கும். பாட்டியின் பெயர் மட்டும் ஒரு முறைகூட வந்ததில்லை. அதைக் குறையாகப் பாட்டி சொன்னதில்லை. தாத்தாவுக்கு எந்தத் தேதி போடுவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 3

இந்த ஆண்டு மார்கழித் திருவாதிரை ஜனவரி 3, சனிக்கிழமை. நட்சத்திரப் பிறந்தநாள் ஆங்கிலத் தேதியோடு ஒட்டி நிற்காது, முன்னும் பின்னும் நகரும். வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு முதல் நாளே நான் கோலாலம்பூரிலிருந்து கிளம்பினேன். இ.டி.எஸ். மின்ரயில் இப்போது சிகாமட் வழியாக ஜொகூர் பாருவரை ஓடுகிறது. பழைய ரயிலில் பாதி நாள் போகும். இப்போது ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் கெமாஸ் வந்துவிடுகிறது. அந்த ஊரைக் கடக்கும்போது சன்னல் வழியே பார்த்தேன். எத்தனை தடவை கடந்திருப்பேன்; பதினான்காம் தேதிக் கதை தெரிந்து கடப்பது அதுதான் முதல் தடவை.

மாமா வீட்டில் பிள்ளைகளின் கணக்கு நோட்டு மேசையில் இருந்தது. 87 வெள்ளியில் பச்சரிசி, பாசிப்பருப்பு, தேங்காய், நெய், முந்திரிக்கு ஒரு பங்கு. வெல்லத்துக்குப் பதில் குலா மலாக்கா. சிதம்பரத்தில் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஆனால் எங்கள் தோட்டத்து வழக்கம் அதுதான், மணமும் தனி. அரிசியையும் பருப்பையும் சிவக்க வறுத்து, ரவை போல் உடைத்து, பாகில் வேகவைத்துக் கிண்ட வேண்டும். சேந்தனார் என்ற விறகு விற்கும் ஏழை அடியார் வீட்டில் நடராஜர் களி சாப்பிட்டார் என்பது கதை. கூடவே ஏழு காய் போட்டுக் குழம்பு. பூசணி, சேனை, சேப்பங்கிழங்கு, பயத்தங்காய், வாழைக்காய், கத்தரி, சர்க்கரைவள்ளி என்று அத்தை காலையிலேயே பாசாரில் வாங்கி வந்துவிட்டார். அடுப்படியில் பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அடிப்பிடிக்காமக் கிண்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சர்க்கரை நோய்க்காரர் என்பதால் அவர் பங்குக்கு இரண்டு கரண்டிதான். மூன்றாவது கரண்டியை யார் கொடுத்தது என்று அத்தை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

பரிசு என்னவென்றால், ஒரு சூராட் பெரானாக். பிள்ளைகளே செய்தது. கெட்டித் தாளில் கட்டம் போட்டு, மூத்தவள் கையெழுத்தில், தமிழில். பெயர், முழு எழுத்துகளோடு. பிறந்த நாள்: 1942 ஜனவரி 2, வெள்ளி, இரவு. தமிழ் ஆண்டு விஷு, மார்கழி, திருவாதிரை. பிறந்த இடம்: தோட்டத்தின் பெயர், லயம் 7. தந்தை பெயர், தாய் பெயர், இருவர் தொழிலும் பால்மரம் வெட்டுதல். பிரசவம் பார்த்தவர்: பக்கத்து டிவிசன் மருத்துவச்சி. 'சாட்சி' என்ற கட்டத்தில் சின்னவன் ஒரு முழு நிலாவை வரைந்திருந்தான். அதைக் கடையில் கொடுத்து லாமினேட் செய்திருந்தார்கள். வெள்ளம் வந்தாலும் நனையாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

பாட்டிக்குப் படிக்க வராது. மூத்தவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். அப்பா பெயர் வந்த இடத்தில் "இன்னொருக்கா சொல்லு" என்றார். மறுபடியும் சொன்னாள். மூன்றாம் முறையும் கேட்டார். அந்தப் பெயரைச் சத்தமாக வேறொருவர் வாயால் கேட்டு எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பிறகு லயம் 7 என்றபோது தலையை ஆட்டினார். "ஏழு இல்லடா, ஒம்பது. ஏழுல கங்காணி இருந்தான்." பிள்ளைகள் மூவரும் என்னைப் பார்த்தார்கள். லாமினேட் செய்துவிட்டார்களே. ஒரு சின்ன ஒட்டுத்தாளில் 9 என்று எழுதி மேலே ஒட்டினோம்.

அடுத்து அவர் கேட்டது வயதை. எண்பத்து நாலு என்றதும், "எம்பத்தி ரெண்டுன்னுல்ல சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒரே ராத்திரில ரெண்டு வயசு கூட்டிட்டீங்களேடா" என்று சின்னவன் காதைத் திருகினார். சரியாகச் சொன்னால் கார்டுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையே ஒன்றரை ஆண்டு. அன்று மாலை பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து எட்டிப் பார்த்தார். பாட்டி அந்தத் தாளைக் காட்டி, பாசார் மலாயில் முழுக் கதையையும் சொன்னார். அந்த அம்மாவுக்கும் ஜப்பான் காலத்துப் பிறப்புதான். அவரும் ஏதோ யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

இதை எழுதச் சொன்னது அந்தப் பிள்ளைகள்தான். உங்கள் வீட்டிலும் 01-01 பாட்டி, தாத்தா இருந்தால் நேராகத் தேதி கேட்காதீர்கள் என்று சொல்லச் சொன்னார்கள். என்ன திருவிழா, மழையா வெயிலா, நிலா இருந்ததா, எந்தத் தோட்டம், யார் பிரசவம் பார்த்தது, பெயர் யார் வைத்தது, தம்பி தங்கைக்கு எத்தனை வயது வித்தியாசம். இவற்றைக் கேட்டால் போதும். எல்லாருக்கும் திருவாதிரை போலச் சுலபமான துப்பு கிடைக்காது. சிலருக்கு மாதம் மட்டும் கிடைக்கும். தைப்பூசத்துக்கு முந்தின வாரம், தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த யாராவது இன்னும் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பாட்டியின் ஆத்தா இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. களி அடிப்பிடித்த கதையைப் பாட்டி மறந்திருந்தால் எங்கள் கையில் ஒன்றுமே இருந்திருக்காது.

நான் கிளம்பும்போது ஆறாம் ஆண்டுப் பையன் செயலியைக் காட்டினான். இந்த 2026-ஆம் ஆண்டில் மார்கழித் திருவாதிரை இரண்டு முறை வருகிறது. ஒன்று இப்போது முடிந்தது, அடுத்தது டிசம்பர் 24. ஒரே ஆண்டில் பாட்டிக்கு இரண்டு பிறந்தநாள். இந்த முறை என்ன வேண்டும் என்று கேட்டபோது, 'காசை வெச்சு மிட்டாய் தின்னு' என்று பாட்டி சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். லயம் எல்லாம் இடித்து, ரப்பரும் போய், இப்போது செம்பனைதான் நிற்கிறது என்று மாமா சொன்னார். "நிக்கட்டும், இடம் எங்கே போகும்?" என்றார் பாட்டி. கணக்கு நோட்டில் மீதம் 11 வெள்ளி 40 சென். மூன்று பேரும் பெட்ரோலுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.